வெளிநாட்டில் இருப்பவரைக் காவல்துறை தேடுவது எப்படி? மதுரையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாவட்ட நீதிமன்றத்திற்கு அருகில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன். மேலூர், உசிலம்பட்டி, திருப்புவனம், இளையான்குடிப் பக்கங்களில் வீட்டுக்கொருவர் சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ, வளைகுடாவிலோ இருப்பதால், எல்லை தாண்டிய வழக்குகளைப் பற்றிய சந்தேகங்கள் வாரம் தவறாமல் வருகின்றன. கேட்பவர் மாறுகிறாரே தவிர, கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, நான் சொல்லும் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். இது பொது விளக்கம். உங்கள் வழக்கின் தாள்களைப் பார்க்காமல் அதற்கென்று தனியாக எதுவும் சொல்ல இயலாது.

இன்டர்போல்னு தனியா ஒரு போலீஸ் இருக்கா சார்? அவங்களே வந்து புடிப்பாங்களா?

இல்லை. இன்டர்போல் என்பது நாடுகளின் காவல்துறைகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்வதற்காக அமைத்துக்கொண்ட ஒரு சங்கம். 1923-இல் வியன்னாவில் தொடங்கப்பட்டது. இன்று அதன் தலைமையகம் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் இருக்கிறது. 196 நாடுகள் உறுப்பினர்களாக உள்ளன. இந்தியா 1949-இல் சேர்ந்தது. கைது செய்யும் அதிகாரமோ, வீட்டைச் சோதனையிடும் அதிகாரமோ அதன் அலுவலர்களுக்குக் கிடையாது. திரைப்படங்களில் கறுப்புக் கண்ணாடி அணிந்து விமானத்திலிருந்து இறங்கும் 'இன்டர்போல் ஆபீசர்' கதாசிரியரின் கற்பனை.

எந்த மண்ணில் ஒருவர் நிற்கிறாரோ, அந்த மண்ணின் காவல்துறைதான் அவரைக் கைது செய்ய முடியும், அதுவும் அந்த நாட்டின் சட்டம் அனுமதித்தால் மட்டுமே. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரே விதியிலிருந்து கிளைத்தவை.

நம்ம ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரே துபாய் போலீசுக்கு நேரா ஒரு லெட்டர் போட முடியாதா?

போட முடியாது. போட்டாலும் அங்கே அதற்கு மதிப்பில்லை. ஒவ்வோர் உறுப்பு நாட்டிலும் தேசிய மைய அலுவலகம் என்று ஒன்று உண்டு. இந்தியாவில் அந்தப் பொறுப்பு டெல்லியில் உள்ள சி.பி.ஐ.யிடம் இருக்கிறது. காவல் நிலையத்தின் வேண்டுகோள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அல்லது மாநகரக் காவல் ஆணையர் வழியாக, மாநிலத்தின் தொடர்பு அலுவலரைக் கடந்து சி.பி.ஐ.க்குச் சென்று, அங்கிருந்து மற்ற நாட்டின் மைய அலுவலகத்திற்குப் போகும்.

முன்பு இந்தப் பாதை முழுவதும் கடிதம், நினைவூட்டல் கடிதம், மறு நினைவூட்டல் என்று நடந்தது. 2025 ஜனவரியில் 'பாரத்போல்' என்னும் இணையதளத்தைச் சி.பி.ஐ. தொடங்கிய பிறகு, மாநிலக் காவல்துறையினர் தங்கள் வேண்டுகோளை அதிலேயே பதிவு செய்யலாம். பொதுமக்கள் அதில் எதையும் பதிவு செய்ய இயலாது. 'பாரத்போலில் பெயர் ஏற்றித் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் அவர் ஏமாற்றுக்காரர்.

ரெட் கார்னர் நோட்டீஸ் போட்டாச்சுன்னா அது உலகம் பூராவும் செல்லுற அரெஸ்ட் வாரண்டு தானே?

நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். கேட்டவர்களில் சட்டம் படித்தவர்களும் உண்டு. சிவப்பு அறிக்கை கைது வாரண்டு அன்று. 'இந்த நபருக்கு எங்கள் நாட்டு நீதிமன்றம் வாரண்டு பிறப்பித்திருக்கிறது. உங்கள் எல்லைக்குள் தென்பட்டால் இருக்குமிடத்தைக் கண்டறிந்து, உங்கள் சட்டப்படி தற்காலிகமாகக் கைது செய்து வையுங்கள், அவரை எங்களிடம் ஒப்படைப்பதற்கான தாள்கள் பின்னால் வரும்' என்று எல்லா உறுப்பு நாடுகளிடமும் வைக்கப்படும் வேண்டுகோள் அது. சில நாடுகள் அதை வைத்தே கைது செய்கின்றன. சில நாடுகள் தங்கள் நீதிமன்றத்தில் தனி வாரண்டு பெற்ற பிறகே தொடுகின்றன. சில நாடுகள் கண்காணிப்பதோடு நின்றுவிடுகின்றன.

எல்லா வழக்குக்கும் இது கிடைப்பதுமில்லை. விசாரணைக்குத் தேடப்படுபவர் என்றால், அந்தக் குற்றத்திற்குக் குறைந்தது 2 ஆண்டுச் சிறையேனும் உச்ச தண்டனையாக இருக்க வேண்டும். தண்டனை பெற்றுத் தப்பியவர் என்றால், குறைந்தது 6 மாதத் தண்டனை மீதமிருக்க வேண்டும். அரசியல், இராணுவம், மதம், இனம் சார்ந்த விவகாரங்களில் இன்டர்போல் தலையிடுவதை அதன் அமைப்பு விதியின் 3-ஆம் பிரிவு தடை செய்கிறது. குடும்பத் தகராறு, கொடுக்கல் வாங்கல் போன்ற தனிப்பட்ட பிணக்குகளையும் விதிகள் விலக்கி வைக்கின்றன. அவை பெருங்குற்றத்தோடு பிணைந்திருந்தால் மட்டுமே விதிவிலக்கு.

மஞ்ச நோட்டீஸ், நீல நோட்டீஸ்னு சொல்றாங்களே, அதெல்லாம் என்ன?

நீலம், ஒருவர் யார், எங்கிருக்கிறார், என்ன செய்கிறார் என்று தகவல் கேட்பது. மஞ்சள், காணாமல் போனவரைத் தேடுவது. கறுப்பு, அடையாளம் தெரியாத உடலைப் பற்றியது. பச்சை, 'இவர் மறுபடியும் குற்றம் செய்யக்கூடியவர்' என்னும் எச்சரிக்கை. ஆரஞ்சு, உடனடி ஆபத்து. ஊதா, குற்றம் செய்யும் புதுப்புது முறைகளைத் தெரிவிப்பது. சொத்துகளைக் கண்டறிய வெள்ளி நிறத்தில் ஒன்றை 2025 ஜனவரியில் சோதனை முறையில் தொடங்கியிருக்கிறார்கள்.

இவற்றில் நம் பக்கத்து மக்களுக்கு உண்மையில் பயன்படக்கூடியது மஞ்சள். ஆனால் அதைக் கேட்டு வருபவர்கள்தான் குறைவு. வெளிநாட்டுக்குப் போனவரிடமிருந்து ஆண்டுக்கணக்காகத் தகவல் இல்லையென்றால், 'காணவில்லை' என்று உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் மேலே எதுவும் நகராது.

ஏமாத்திட்டு ஓடுனவன் எந்த நாட்டுல இருக்கான்னே தெரியல. எதை வச்சுத் தேடுவாங்க?

குடியேற்றப் பிரிவின் பதிவில், எந்த விமான நிலையத்தில் என்றைக்கு எந்த விமானம் ஏறினார் என்பது இருக்கும். அது முதல் நூல். அவர் எந்த நாட்டில் இறங்கினார் என்று தெரிந்தால் அந்த நாட்டின் மைய அலுவலகத்திற்கு மட்டும் நேரடி வேண்டுகோள் அனுப்பலாம். தெரியாவிட்டால் நீல அறிக்கை. பாஸ்போர்ட் முடக்கப்பட்டிருந்தால், அதன் எண்ணைத் திருடப்பட்ட, தொலைந்த, செல்லாத பயண ஆவணங்களின் இன்டர்போல் பட்டியலில் சேர்க்க வழி உண்டு. பிறகு அந்தப் பட்டியலைச் சரிபார்க்கும் எந்த நாட்டு எல்லையில் அதை நீட்டினாலும் கணினி காட்டிக்கொடுக்கும்.

இந்தத் தேடல் எல்லாம் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் என்னும் மூன்றின் மீது நிற்கிறது. நம் ஊரில் இந்த மூன்றும் உறுதியாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துத்தான் உண்டு. முதல் தகவல் அறிக்கையில் 'முருகன், த/பெ சங்கரன்' என்று இருப்பவர், பாஸ்போர்ட்டில் சங்கரன் என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டு 'சங்கரன் முருகன்' ஆகியிருப்பார். வளைகுடாவின் வேலை அட்டையில் தாத்தா பெயரும் சேர்ந்து மூன்று பெயராக நீண்டிருப்பார். செந்தில் என்பதை ஆங்கிலத்தில் 'எச்' போட்டு எழுதுபவரும் உண்டு, போடாமல் எழுதுபவரும் உண்டு. பிறந்த தேதியோ, பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக வாத்தியார் கணக்குப் பார்த்துப் போட்டதாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தனர். விசா வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பெற்றவர் மீது வழக்குப் பதிவாகி ஒன்றரை ஆண்டு ஆகியும் அவர் வெளியே போன பதிவே கிடைக்கவில்லை என்று காவல் நிலையத்தில் சொன்னார்களாம். அந்த அம்மா மஞ்சப்பையிலிருந்து எடுத்த தாள்களுக்கு நடுவில், முன்பு அவர் நம்பிக்கைக்காகக் கொடுத்திருந்த பாஸ்போர்ட் நகல் ஒன்று நான்காக மடிந்து கிடந்தது. புகாரில் அவரைத் தெரு முழுக்க அழைத்த பெயர் இருந்தது. பாஸ்போர்ட்டில் அந்தப் பெயரே இல்லை. அந்த நகலோடு கூடுதல் வாக்குமூலம் ஒன்று கொடுக்கச் சொன்னேன். அவர் மதுரையிலிருந்து கொழும்பு வழியாகப் போன விவரம் அதன் பிறகே தெரிய வந்தது. ஆகவே புகார் எழுதும்போதே பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்தையும், ஊரில் அழைக்கும் பெயரையும், பட்டப்பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

எம் பேரும் தேடப்படுற ஆளு பேரும் ஒண்ணு. ஏர்போர்ட்டுல நிறுத்தி வச்சுட்டாங்க. நான் இன்டர்போல் லிஸ்ட்டுல இருக்கேனா?

பெரும்பாலும் இல்லை. உங்களை நிறுத்தியது எல்.ஓ.சி. என்று சொல்லப்படும் கண்காணிப்புச் சுற்றறிக்கையாக இருக்கும். அது முற்றிலும் இந்தியாவுக்குள்ளான ஏற்பாடு. இன்டர்போலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒருவர் நாட்டைவிட்டு வெளியேறுவதையோ உள்ளே வருவதையோ கவனிக்கும்படி, காவல் கண்காணிப்பாளர் போன்ற தகுதியுள்ள அலுவலர் குடியேற்றப் பிரிவுக்கு அனுப்பும் வேண்டுகோள் அது. அனுப்பிய அலுவலகம் திரும்பப் பெறும்வரை அது கணினியில் இருந்துகொண்டே இருக்கும். வழக்கு முடிந்தும் யாரும் நீக்கச் சொல்லாததால், ஊருக்கு விடுமுறையில் வந்தவர் திரும்பிப் போக முடியாமல் வேலையை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மேலே சொன்ன பெயர்க் குழப்பம் இங்கேயும் வேலை செய்கிறது. பெயர் மட்டும் ஒத்துப்போனால், பாஸ்போர்ட் எண், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை ஒப்பிட்டு விட்டுவிட வேண்டும்; ஆனால் சுற்றறிக்கையில் அந்த விவரங்களே இல்லாதிருந்தால் விமானம் போய்விடும். அவ்வாறு நடந்தால், எந்த அலுவலகம் அனுப்பியது என்று எழுத்தில் கேளுங்கள். அந்த அலுவலகத்திற்கு விளக்க மனு கொடுத்தும் தீராவிட்டால், ஒத்தக்கடையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போட்டு நீக்கக் கோரலாம்.

மாப்பிள்ளை வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு எம் பொண்ணைக் கைவிட்டுட்டான். அவனுக்கு ரெட் நோட்டீஸ் போட முடியுமா?

கணவரோ அவர் உறவினரோ கொடுமைப்படுத்தும் குற்றத்திற்கு 3 ஆண்டு வரை சிறை என்பதால், தண்டனை அளவுகோல் பொருந்துகிறது. ஆனால் மூன்றாவது பதிலில் சொன்ன தனிப்பட்ட பிணக்கு விலக்கு குறுக்கே நிற்பதால், இத்தகைய வழக்குகளில் சிவப்பு அறிக்கை எளிதில் கிடைப்பதில்லை. தந்தையர் அதையே பிடித்துக்கொண்டு ஆண்டுகளைக் கழிப்பதைக் காண வருத்தமாக இருக்கிறது. கடுமையான காயம், பெரும் மோசடி போன்றவை சேர்ந்திருந்தால் நிலைமை வேறு.

இதைவிட விரைவாகப் பலன் தருவது பாஸ்போர்ட். 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 10(3) பிரிவின்படி, குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலோ, கைது வாரண்டு இருந்தாலோ பாஸ்போர்ட் அதிகாரி அதை முடக்கலாம். காவல்துறை தானாக முடக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டதால், நீதிமன்றத்தில் வாரண்டு பெற்று, அதன் நகலுடன் பாஸ்போர்ட் அலுவலகத்திற்கு மனு கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட் போனால் விசா புதுப்பிக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டார் பேச வருவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

அங்க புடிச்சுட்டாங்கன்னு செய்தி வந்துருச்சு. அடுத்த வாரம் மதுரைக்குக் கொண்டு வந்துருவாங்களா?

வரமாட்டார். பிடிபட்ட பிறகுதான் ஒப்படைப்பு என்னும் தனி வழக்கு தொடங்குகிறது. அது இன்டர்போலின் வேலை அன்று. வெளியுறவு அமைச்சகம் தூதரகம் வழியாக நடத்துவது. அந்த நாட்டு நீதிபதி முக்கியமாகப் பார்ப்பது, இங்கே குற்றமாக இருப்பது அங்கேயும் குற்றமா என்பதை. பிறகு அந்த நாட்டு அரசு முடிவு செய்யும். எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். நம் தமிழ்த் தாள்கள் எல்லாம் மொழிபெயர்க்கப்பட்டுச் சான்றளிக்கப்பட வேண்டும். ஒரு பக்கம் விடுபட்டாலும் திரும்பி வரும்.

சிலைத் திருட்டு வழக்கு ஒன்று நம் மாநிலத்துக்கே நல்ல எடுத்துக்காட்டு. அரியலூர் மாவட்டத்தின் சுத்தமல்லி, ஸ்ரீபுரந்தான் கோயில்களின் செப்புத் திருமேனிகள் திருடப்பட்டு, நியூயார்க்கில் கலைப்பொருள் வணிகம் செய்த சுபாஷ் கபூரின் வழியாக வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. 2011 அக்டோபர் 30 அன்று பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் சிவப்பு அறிக்கையின் பேரில் அவரை ஜெர்மானியக் காவல்துறை பிடித்தது. பிடித்தது ஒரு நாள் வேலை. அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தது 2012 ஜூலையில், ஏறத்தாழ எட்டரை மாதம் கழித்து. கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்ததோ 2022 நவம்பரில். இதற்கிடையே ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிவிட்டார். அந்தச் சிலை நம்முடையதுதான் என்று காட்டப் பெரிதும் உதவியது, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். உங்கள் ஊர்க் கோயிலின் உற்சவரைப் பின்புறமும் பீடமும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

எட்டரை மாதம் என்பது விரைவு. மும்பைத் தாக்குதல் வழக்கில் தஹாவூர் ராணாவை அமெரிக்காவிலிருந்து கொண்டுவர 2020-இல் தொடங்கிய நடவடிக்கை, 2025 ஏப்ரலில்தான் முடிந்தது.

அப்படிக் கொண்டு வந்த பிறகு, அவன் மேல இருக்கிற எல்லாக் கேசையும் நடத்தலாம்ல?

எல்லாவற்றையும் நடத்த முடியாது. எந்தக் குற்றத்திற்காக ஒப்படைத்தார்களோ அதற்கு மட்டுமே விசாரிக்க வேண்டும் என்று நம் 1962-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவே சொல்கிறது. அந்த நிகழ்ச்சிகளிலிருந்தே நிறுவக்கூடிய சிறு குற்றத்தைச் சேர்க்கலாம். புதிதாக ஒன்றைச் சேர்க்க, ஒப்படைத்த நாட்டின் சம்மதம் வேண்டும். எனவே வேண்டுகோள் அனுப்பும்போதே எல்லா வழக்குகளையும் பட்டியலிட வேண்டும். விடுபட்டது விடுபட்டதுதான்.

தண்டனைக்கும் எல்லை வரலாம். 2005-இல் போர்ச்சுகல், மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை ஒப்படைத்தபோது, மரண தண்டனையோ 25 ஆண்டுக்கு மேற்பட்ட சிறையோ கிடையாது என்று இந்தியா வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது.

அங்க ஒரு தப்பு பண்ணிட்டு ஊருக்கு வந்துட்டான் தம்பி. இங்க இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கப்படும் கேள்வி இது. முடியும் என்பதே பதில். அந்த நாடு முறைப்படி கேட்டால், டெல்லியில் ஒரு நீதித்துறை நடுவர் விசாரித்து அறிக்கை கொடுக்க, மத்திய அரசு ஒப்படைக்கலாம். அவசரமென்றால் தாள்கள் வருமுன்னரே தற்காலிகமாகக் கைது செய்யவும் 34பி பிரிவு இடமளிக்கிறது; ஆனால் 60 நாளுக்குள் முறையான வேண்டுகோள் வராவிட்டால் விடுவிக்க வேண்டும்.

சில ஒப்பந்தங்களில் சொந்தக் குடிமக்களை ஒப்படைப்பதில்லை என்று இருக்கும். அதனால் தப்பித்துவிட்டதாக ஆகாது. இந்தியக் குடிமகன் உலகில் எங்கே குற்றம் செய்தாலும் மத்திய அரசின் முன் அனுமதியோடு இங்கேயே விசாரிக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தில் 208-ஆம் பிரிவாக இருக்கிறது. சாட்சிகள் கடல் கடந்து இருப்பார்கள் என்பதால் வழக்கு இழுக்கும். தம்பியின் பாஸ்போர்ட்டும் அதுவரை இழுபறியில் கிடக்கும்.

கம்போடியாவுக்குக் கம்ப்யூட்டர் வேலைன்னு போன பையனை, ஆன்லைன்ல ஏமாத்துற வேலை பாக்க வச்சுட்டாங்க. அவன் குற்றவாளியா?

அடைத்துவைத்து, பாஸ்போர்ட்டைப் பறித்து, மிரட்டிச் செய்யவைத்திருந்தால் அவன் ஆள்கடத்தலுக்கு ஆளானவன். ஆனால் அதை நிறுவ வேண்டியிருக்கும். வேலைக்கு அனுப்பிய முகவரின் வாட்ஸப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, விமானச் சீட்டு, பையன் அழைத்துப் பேசிய நேரங்கள் ஆகிய எதையும் அழித்துவிடாதீர்கள். இந்தியத் தூதரகத்திற்கும், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திற்கும், அயலகத் தமிழர் நலத் துறைக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். முகவர் மீது உள்ளூரில் புகார் கொடுங்கள். பையன் திரும்பி வந்ததும் விசாரிக்கப்படுவான். அதற்கு அஞ்சி ஒளியச் சொல்லாதீர்கள். அவனுடைய வாக்குமூலம்தான் முகவரைப் பிடிக்கும் கயிறு.

வீடியோ கால்ல யூனிபார்மோட ஒருத்தர், 'இன்டர்போல் நோட்டீஸ் வந்துருக்கு, ரூமை விட்டு வெளிய வராதீங்க'ங்கிறாரு. என்ன பண்றது?

அழைப்பைத் துண்டியுங்கள். நம் சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று கிடையாது. முதல் இரண்டு பதில்களைப் படித்தவர்களுக்கு இந்தப் பொய்யின் ஓட்டை தெரிந்திருக்கும்: இன்டர்போல் எந்தத் தனிமனிதரையும் அழைப்பதில்லை, அபராதமோ 'சரிபார்ப்புத் தொகை'யோ வாங்குவதில்லை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே இணையவழி மோசடிகளைப் புகார் செய்வதற்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் நிறுத்த வாய்ப்பிருப்பது தொடக்க மணி நேரங்களில்தான்.

எம் பேர்ல உண்மையிலேயே நோட்டீஸ் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? இருந்தா எடுக்க முடியுமா?

இன்டர்போலின் இணையதளத்தில் பார்க்கலாம். ஆனால் அங்கே பெயர் இல்லை என்பதை மட்டும் நம்பிவிட முடியாது. சிவப்பு அறிக்கைகளில் பெரும்பாலானவை காவல்துறைகளுக்கு மட்டுமே தெரியும்படி வைக்கப்படுகின்றன.

உறுதியாக அறிய, இன்டர்போலின் கோப்புகளைக் கண்காணிக்கும் ஆணையம் ஒன்று லியோனில் இருக்கிறது. அதற்கு எழுத வேண்டும். கட்டணம் இல்லை. அரபு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் எழுத வேண்டும். அடையாள ஆவண நகலும், வழக்கறிஞர் மூலம் எழுதினால் கையொப்பமிட்ட அதிகாரப் பத்திரமும் இணைக்க வேண்டும். மனு ஏற்கப்பட்ட பின், 'இருக்கிறதா' என்ற கேள்விக்கு 4 மாதத்திற்குள்ளும், 'நீக்குங்கள்' என்ற கோரிக்கைக்கு 9 மாதத்திற்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும் என்பது அதன் விதி. நீக்கினாலும் இங்கே உள்ள வாரண்டு அப்படியே இருக்கும். அதற்குத் தனியாக நீதிமன்றம் போக வேண்டும்.

மனுவில் பெயர் எழுதும் இடத்தில், பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரு முறையும், பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி ஒரு முறையும், தலைப்பெழுத்தை விரித்து ஒரு முறையும் எழுதுங்கள். லியோனில் இருப்பவருக்கு 'த/பெ' என்றால் என்னவென்று தெரியாது.